கோவலன் என்னும் ஆண்பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவலன் கதையை அறியாத வீடு இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் அரிது. ஆனால் அப்பெயர் கொண்ட ஒருவரைக் காண்பது அதைவிட அரிது. பிள்ளைக்குப் பெயர் தேடும் பெற்றோரும், ஏற்கெனவே இப்பெயரைத் தாங்கியிருப்பவர்களும், அவர்களுடைய உறவினரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

கோவலன் என்பதன் பொருள் என்ன?

ஆநிரை காப்பவன், ஆயன், இடையன் என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். சங்கப் பாடல்களில் 'கோவலர்' என்று பன்மையில் வருமிடங்களில் எல்லாம் முல்லை நிலத்து மாடு மேய்ப்போரே குறிக்கப்படுகின்றனர். மாலைப்பொழுதில், கையில் கோல் ஏந்திய கோவலர் பின்னே நின்று ஓட்டிவரத் தாய்ப்பசுக்கள் கன்றுகளிடம் திரும்பும் காட்சி முல்லைப்பாட்டில் உள்ளது. நெடுநல்வாடையில், பெருமழையை வெறுத்த கோவலர் தம் நிரையை வேறு மேட்டு நிலத்துக்குக் கொண்டுசென்று பரப்புகின்றனர். மாரியில் தாழ்ந்த தரைகளை வெள்ளம் மூடும்போது பட்டியை மேட்டுக்குச் சாய்த்துக்கொண்டு போகும் வன்னி விவசாயிக்கு அந்த அடிகளுக்கு உரை தேவைப்படாது.

ஆகவே, இது முதலில் ஒரு தொழிலால் அமைந்த பெயர். ஒரு தனி மனிதனின் பெயராக நாம் அதை அறிவது சிலப்பதிகாரத்தின் வழியாகவே.

இது தமிழ்ச் சொல்லா, வடமொழியிலிருந்து வந்ததா?

இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. பசுவைக் குறிக்கும் 'கோ' என்பதோடு வல்லமையைக் குறிக்கும் 'வலன்' சேர்ந்து, ஆநிரை காப்பதில் வல்லவன் என்று பொருள்தரும் என்பது ஒன்று. வடமொழியின் 'கோபாலன்' பிராகிருதத்தில் பகரம் வகரமாகத் திரிந்து, தமிழில் 'கோவலன்' ஆயிற்று என்பது மற்றொன்று. ஒலித்திரிபு முறையை நோக்கினால் இரண்டாவது விளக்கம் வலுவுடையதாகவே தோன்றுகிறது. ஆயினும் மிகப் பழைய தமிழ்ப் பாடல்களிலேயே இச்சொல் தயக்கமின்றிப் பயின்றுவருவதால், தோற்றம் எதுவாக இருப்பினும் அதை அந்நியச் சொல் என்று ஒதுக்குவதற்கு இடமில்லை. தனித்தமிழ்ப் பெயர் வேண்டும் என்பதில் உறுதியாக இருப்போர் முதல் விளக்கத்தை ஏற்றுக்கொண்டு வைக்கின்றனர். இரண்டு விளக்கத்திலும் பொருள் ஒன்றே என்பதால் பெயர் தாங்குபவருக்கு இதனால் நட்டம் எதுவும் இல்லை.

வணிகனின் மகனுக்கு ஆயர் பெயர் ஏன்?

நியாயமான கேள்வி. காப்பியத்தில் கோவலன் புகார் நகரத்துப் பெருவணிகன் மாசாத்துவானின் மகன். மாசாத்துவான் என்றால் பெரிய வணிகச் சாத்தின் தலைவன். கண்ணகியின் தந்தை மாநாய்கன் என்றால் பெருங்கடல் வணிகன். இரு தந்தையரின் பெயரும் அவரவர் தொழிலைச் சொல்ல, மகனின் பெயர் மட்டும் மாட்டுப்பட்டியைச் சொல்கிறது.

கண்ணன் பெயராகக் கொண்டால் இந்த முரண் நீங்கிவிடும். ஆழ்வார்கள் கண்ணனைக் கோவலன் என்று பாடியுள்ளனர். திருப்பாணாழ்வார் 'கோவலனாய் வெண்ணெய் உண்ட வாயன்' என்கிறார். திருப்பாவையில் ஆண்டாள் ஆயர்குலப் பெண்ணொருத்தியைக் 'கோவலர்தம் பொற்கொடியே' என்று விளிக்கிறார். ஆயர்குலத்தவர் அல்லாத வீட்டில் பிள்ளைக்குக் கோபாலபிள்ளை என்று பெயரிடுவதை வன்னியில் எவரும் வியப்பாகக் கருதுவதில்லை. புகார் வணிகனின் வீட்டில் நடந்ததும் அதுவாக இருக்கலாம்.

இளங்கோவடிகள் இப்பெயரைத் தெரிந்தே கையாண்டார் என்று எண்ணுவதற்கும் இடமுண்டு. மதுரைக்கு வெளியே கண்ணகியை எங்கே தங்கவைப்பது என்ற சிக்கல் எழும்போது, உடன்வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் அவளை இடைக்குல முதுமகள் மாதரியிடம் ஒப்படைக்கிறார். ஆவைக் காத்து அதன் பயனைப் பிறர்க்கு அளிக்கும் கோவலரின் வாழ்க்கையில் கொடுமை ஏதும் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அடைக்கலக் காதையில் வரும் அந்த அடியில் 'கோவலர்' என்ற சொல்லே நிற்கிறது. கோவலன் என்ற பெயருடைய வணிகன் தன் வாழ்வின் கடைசி உணவைக் கோவலர் சேரியில் உண்டுவிட்டே சிலம்பு விற்கப் புறப்படுகிறான். இது தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வன்னியில் இப்பெயர் எவ்வழியாக அறியப்பட்டது?

ஏட்டுவழியாக அன்று, கோயில் வழியாகவும் கூத்து வழியாகவும் அறியப்பட்டது. சிலப்பதிகாரம் முழுமையாக அச்சில் வந்தது உ. வே. சாமிநாதையர் 1892இல் வெளியிட்ட பதிப்பிலேதான். அதற்கு முன்பே முல்லைத்தீவுப் பகுதியின் மக்கள் கோவலனை நன்கு அறிந்திருந்தனர்.

நந்திக்கடல் ஓரத்திலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுவதிலுமிருந்து மட்டுமன்றி யாழ்ப்பாணத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடியார்கள் வருகின்றனர். மதுரையை எரித்தபின் சினம் தணியாது இலங்கைக்கு வந்த கண்ணகி ஒவ்வோர் இடமாகத் தங்கிப் பத்தாவதாக இங்கே அமர்ந்தாள் என்றும், பத்தாம் பளை என்பதே பின்னர் வற்றாப்பளை ஆயிற்று என்றும் மரபு கூறுகிறது. கடலோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டு நின்ற சிறுவர்களுக்கு முன்னால் அம்மன் முதிய பெண்ணாக வந்து பசிக்கிறது என்றாள் என்பதும், அவர்கள் பொங்கிக் கொடுத்தனர் என்பதும், விளக்கேற்ற எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை ஊற்றி எரிக்கச் சொன்னாள் என்பதும், தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது தலை முழுவதும் கண்களைக் கண்டு சிறுவர்கள் திகைத்தனர் என்பதும் இங்கு எல்லோரும் அறிந்த கதை. இன்றும் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரால் விளக்கு எரிக்கப்படுகிறது. காப்பியத்தில் கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் கோவலர். வன்னி மரபில் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தவர்களும் மாடு மேய்த்த பிள்ளைகளே. கோவலன் என்னும் பெயருக்கு இந்த மண்ணில் உள்ள உரிமையை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டும் சான்று வேறில்லை.

அடுத்தது கூத்து. முள்ளியவளை, தண்ணீரூற்று முதலிய ஊர்களின் அண்ணாவிமார் (கூத்துப் பழக்கும் ஆசிரியர்கள்) பேணிவந்த கோவலன் கூத்து விடிய விடிய ஆடப்படுவது. அதன் ஆட்டமுறை முல்லைமோடி என்று அழைக்கப்படுகிறது. (அப்பெயரிலுள்ள முல்லை, முல்லைத்தீவைக் குறிப்பது, முல்லைத் திணையோடு இணைத்துப் பேசுவது அழகாக இருந்தாலும் பொருந்தாது.) இந்தக் கூத்தில் கோவலன் தலைமைப் பாத்திரம். மாதவியிடம் பொருள் இழப்பதும், சிலம்போடு மதுரைக்குப் போவதும், பொற்கொல்லனிடம் அகப்படுவதும், கொலைக்களத்தில் வெட்டுண்பதும் பாட்டும் தாளமுமாக நடக்கும்போது, அந்தப் பெயர் ஓர் இரவில் எத்தனை முறை ஒலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சில பாத்திரங்களைப் பல ஆண்டுகள் ஆடியவர்களுக்கு ஊரில் பாத்திரப் பெயரே நிலைத்துவிடுவதும் உண்டு. அதனால் ஒரு முதியவரைக் கோவலன் என்று ஊரார் அழைக்கக் கேட்டால், அது அவருடைய பிறப்புப் பதிவிலுள்ள பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் பிள்ளைகளுக்கு ஏன் இப்பெயரை வைப்பதில்லை?

இங்கே பெரியவர்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு. அவன் அநியாயமாக வெட்டுண்டு இறந்தவன். அவன் மனைவியை விட்டு மாதவியிடம் போனவன். அப்பம்மாவோ அம்மம்மாவோ 'அந்தப் பெயர் ஆகாது' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், அதன்பின் வீட்டில் பேச்சு எழாது.

இரண்டு காரணங்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும். கோவலனின் முடிவுக்குக் காப்பியமே காரணம் சொல்கிறது. கட்டுரைக் காதையில் மதுரையின் காவல்தெய்வம் கண்ணகிக்கு முன் தோன்றி, முற்பிறப்பில் அவன் பரதன் என்னும் அரச ஊழியனாக இருந்ததையும், கலிங்கத்துச் சிங்கபுரத்தில் சங்கமன் என்ற வணிகனைப் பகைவரின் ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்ததையும், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபத்தையும் கூறுகிறது. ஊழ்வினையே அவனைக் கொன்றது என்பது நூலின் முடிபு. கொன்றது அவன் பெயர் என்று நூலின் எந்தப் பாத்திரமும் சொல்லவில்லை.

துன்பமான முடிவுடைய பெயரை ஒதுக்குவதுதான் நம்முடைய விதி என்றால், அந்த விதியை நாம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவும் இல்லை. கட்டுரைக் காதை ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்று குறிப்பிடும் பாண்டியனே, ஆராயாமல் கோவலனைக் கொல்வித்து, பிழை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டவன். இருபதாம் நூற்றாண்டில் தமிழ்ப் பெயர்களின் மீது ஆர்வம் பெருகியபோது நெடுஞ்செழியன் என்ற பெயரும் செழியன் என்ற பெயரும் விருப்பத்தோடு வைக்கப்பட்டன. செங்குட்டுவன், இளங்கோ என்ற பெயர்களும் அதே காப்பியத்திலிருந்து வந்தவையே. தவறான தீர்ப்பு வழங்கியவனின் பெயர் நல்ல பெயராகவும், அதனால் இறந்தவனின் பெயர் ஆகாத பெயராகவும் நிற்பது சரியான கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

மாதவியிடம் போனவன் என்ற குற்றச்சாட்டுக்கு என்ன பதில்?

அது உண்மை. ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் விலை கூறிக் கூனி கையில் கொடுத்தனுப்பப்பட்ட மாலையை வாங்கி, மாதவியின் மனை புகுந்து, முன்னோர் தேடிய பொருளை எல்லாம் தொலைத்தவன் கோவலன். அதை மறைத்துப் பெயருக்கு வக்காலத்து வாங்குவதில் பயனில்லை.

ஆனால் காப்பியம் அவனை அவ்வளவோடு விட்டுவிடவில்லை. மதுரைப் புறஞ்சேரியில் அவனைச் சந்திக்கும் மாடலன் என்னும் மறையவன், புகாரில் கோவலன் செய்த செயல்கள் மூன்றை நினைவூட்டுகிறான். மதயானையின் பிடியில் சிக்கிய முதிய அந்தணரை, யானையின் மேல் பாய்ந்து மீட்டதற்காகக் 'கருணை மறவன்' என்கிறான். தன் குழந்தையைக் காத்த கீரியைத் தவறாக எண்ணிக் கொன்றதால் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குப் பொருள் கொடுத்துக் குடும்பத்தைச் சேர்த்துவைத்ததற்காகச் 'செல்லாச் செல்வன்' என்கிறான். பொய்ச்சான்று சொன்னவனைப் பூதம் பற்றியபோது அவனுக்காகத் தன் உயிரைத் தர முன்வந்து, அது இயலாதபோது அவனுடைய சுற்றத்தாரைப் பல ஆண்டுகள் காப்பாற்றியதற்காக 'இல்லோர் செம்மல்' என்கிறான். கூத்தில் இந்தப் பகுதிகளுக்கு அதிக இடமில்லை. மாதவி வரும் பகுதிகளுக்கே ஆட்டமும் பாட்டும் கூடுதல். ஊரின் நினைவில் கோவலன் ஒரு பக்கமாகவே நிற்பதற்கு அது ஒரு காரணம். ஈழத்துக் கண்ணகி இலக்கியங்களுள் ஒன்று 'கோவலனார் கதை' என்று மதிப்பு விகுதியோடு வழங்குவதையும் இங்கே நினைக்க வேண்டும்.

சிங்கள மரபில் இப்பெயர் உண்டா?

கதை உண்டு, பெயர் வேறு. கண்ணகியைச் சிங்களவர் பத்தினி தெய்யோ என்று வழிபடுகின்றனர்; அவ்வழிபாட்டுப் பாடல்களில் பத்தினியின் கணவன் பாலங்க என்று அழைக்கப்படுகிறான். சிலப்பதிகாரம் கண்ணகிக்குச் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு வந்த மன்னர்களுள் இலங்கைக் கயவாகுவையும் சேர்த்துச் சொல்வது பலர் அறிந்ததே. வவுனியாவின் தென்பகுதி போன்ற இரு மொழியும் வழங்கும் இடங்களில் ஒருவர் தம் பெயரை விளக்க வேண்டி வந்தால், பத்தினியின் கணவர் பெயர் என்று சொல்வது எளிது.

கிழக்கில் இப்பெயரை எப்படிப் பார்க்கின்றனர்?

மட்டக்களப்புப் பகுதியில் கொம்புகளைக் கோத்து இழுக்கும் கொம்புமுறி விளையாட்டில் ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து நிற்கும். வடசேரி கோவலனின் பக்கம், தென்சேரி கண்ணகியின் பக்கம். அங்கு கோவலனின் பக்கம் நிற்பது குடிவழியாக வரும் உரிமை; அதில் இழிவு எதுவும் இல்லை. பெயரிடும் வழக்கம் மட்டும் அங்கும் பரவலாக இல்லை.

எந்த நட்சத்திரத்துக்கு இப்பெயர் பொருந்தும்?

பெயரெழுத்துப் பார்த்து வைக்கும் குடும்பங்களில் 'கோ' என்னும் எழுத்து புனர்பூசத்தின் இரண்டாம் பாதத்துக்கும், மெல்லோசையில் சதயத்தின் முதலாம் பாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது. தமிழில் இரண்டும் ஒரே எழுத்தாக எழுதப்படுவதால் இவ்விரு நட்சத்திரக்காரருக்கும் தடையில்லை. எண்சாத்திரம் பார்ப்பவர்கள் தம்முடைய சாத்திரியாரையே கேட்டுக்கொள்ள வேண்டும். அது இப்பெயருக்குச் சிறப்பாக உரிய விடயம் அன்று.

எழுத்தில் வரும் சிக்கல்கள் எவை?

வகரத்துக்குப் பின் இடையின 'ல' வருவதே சரி. 'கோவளன்' என்று எழுதுவது பிழை. வாயால் சொல்லிப் பதியும்போது 'காவலன்' என்று எழுதப்படும் வாய்ப்பும் அதிகம். அது அரசன், காப்பவன் என்னும் பொருளுடைய வேறு பெயர். இலங்கையில் பிறப்பு 42 நாள்களுக்குள் பதியப்பட வேண்டும் என்பதாலும், நம்மவர் பலர் 31ஆம் நாள் துடக்குக் (பிறப்புத் தீட்டு) கழிவோடு பெயர் வைப்பதாலும், இடையில் கிடைக்கும் நாள்கள் குறைவு. பதிவாளரிடம் போகும்போது பெயரைத் தாளில் தெளிவாக எழுதிக் கொண்டுபோவது நல்லது. ஆங்கிலத்தில் முதல் எழுத்தாகக் 'கே' பெரும்பாலும் இடப்படுகிறது. சிலர் 'ஜீ' இடுகின்றனர். எதை இட்டாலும், பாடசாலைப் பதிவு, தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றில் ஒரே வடிவமே இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் எழுத்து மாறியதால் அலைந்தவர்கள் இல்லாத ஊர் வன்னியில் இல்லை.

கோபாலன், கோவேந்தன், இளங்கோவன் ஆகியவை இதற்கு உறவான பெயர்களா?

கோபாலன் மட்டுமே பொருளால் உறவு. மற்றவற்றில் உள்ள 'கோ' அரசனைக் குறிப்பது. ஆயன் என்ற பழம்பெயரும் பொருளால் நெருங்கியது. ஆனால் கிறிஸ்தவர்கள் மேய்ப்பரைக் குறிக்க அச்சொல்லைப் பெரிதும் பயன்படுத்துவதால் அதன் சாயல் இப்போது மாறியுள்ளது.

வீட்டில் எப்படிச் சுருக்கி அழைப்பது?

கோவன், கோவா என்ற இரண்டும் இயல்பாக வருகின்றன. வன்னியில் எப்படியும் தம்பி, அப்பன், ராசா என்றே பிள்ளையை அழைப்பதால், முழுப்பெயர் பாடசாலைக்குப் போன பிறகுதான் புழக்கத்துக்கு வரும். பாடசாலையில் 'மாதவி எங்கே?' என்ற கேலி ஒருமுறையாவது வரும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் தமிழ்ப் பாடம் அதைக் கூட்டக்கூடும். அந்த வயதுக்கு முன்பே கருணை மறவன் கதையைப் பிள்ளைக்குச் சொல்லிவைத்தால் அவனிடம் பதில் இருக்கும்.

தங்கை பிறந்தால் கண்ணகி என்று வைக்கலாமா?

வேண்டாம். கதையில் அவர்கள் கணவனும் மனைவியும் ஆவர். உடன்பிறந்தோருக்கு அந்த இணைப் பெயர்களைச் சூட்டுவதை ஊரில் எவரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. மாதவி என்பதும் அதே காரணத்தால் பொருந்தாது. அதே காப்பியத்திலிருந்து பெயர் வேண்டுமானால் மாதரியின் மகள் ஐயையின் பெயர் இருக்கிறது. குறுகியது, அரியது, கொற்றவையின் பெயருமாகும். மணிமேகலையையும் சிலர் விரும்புவர். அது கோவலனின் மகளுடைய பெயர். தன் முன்னோன் ஒருவனைக் கடலில் மூழ்காமல் காத்த குலதெய்வத்தின் பெயரையே மகளுக்குச் சூட்ட வேண்டும் என்று கேட்டவன் கோவலனே. அண்ணனுக்குத் தந்தையின் பெயரும் தங்கைக்கு மகளின் பெயரும் அமைவதைக் குறையாகக் கருதாத வீட்டில் அதைத் தாராளமாக வைக்கலாம்.